பின்சீட்டின் எடை

புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் மாடல் கார் வாங்குகிறவர்கள் முதலில் மாற்றுவது சைலன்சரைத்தான், மேடம். அடுத்து வீல். அதற்கப்புறம் ஸ்டிக்கர். சஸ்பென்ஷன் பக்கம் கடைசியில்தான் வருவார்கள். அது வெளியே தெரியாது, அதற்காகத் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடலூர் ரோட்டில், தவளக்குப்பம் ஜங்ஷனுக்குக் கொஞ்சம் முன்னால் பன்னிரண்டு வருஷமாக அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். சிக்கனமாக என்ன செய்யலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒரே யோசனையைத்தான் சொல்லியிருக்கிறேன். முதலில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். அடுத்து நாலு ஷாக் அப்சார்பரையும் நல்லதாகப் போடுங்கள். வண்டியைத் தாழ்த்துகிற ஸ்பிரிங்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என் பேச்சை நம்பிய யாருக்கும் இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை, செத்ரிக்கைத் தவிர.

பேப்பரும் பேனாவும் கொடுத்து, நடந்ததை உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். என் பெயர் அரிகிருஷ்ணன், வயது முப்பத்தாறு. விபத்து நடந்தது கடலூர் எல்லையில். ஆனால் செய்தது இங்கே, என் கடையில். அதனால்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னைத் தேடவில்லை, நானாகத்தான் வந்தேன். அறிக்கையில் ‘அதிவேகம், ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தப்பு. டயர் தடத்தை நான் நேரில் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு தடவை வீசியடித்திருக்கிறது, இரண்டு தடவையும் அவன் வண்டியைத் திருப்பிப் பிடித்திருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் முதல் தடவையிலேயே போயிருப்பார்கள். இறந்தவன் மேல் இல்லாத பழியைப் போடுவது நியாயமில்லை.

செத்ரிக்கின் அப்பா ஷார்ல், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குருசுக்குப்பத்தில் சொந்த வீடு. தெருவில் அவரை முசே என்பார்கள், அவர் மனைவி ஓதெத்தை மதாம் என்பார்கள். நான் மட்டும் அம்மா என்று கூப்பிடுவேன். எனக்கு அம்மா இல்லை. செத்ரிக் லியோன் என்ற பிரெஞ்சு நகரத்தில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். அலைன்மென்ட் பார்க்க வண்டியைக் கொண்டு வந்தான். நான் அதை எடுத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். இறங்கும்போது, “எனக்கும் கத்துக் குடு மச்சான்” என்றான். அதிலிருந்து எட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். நான் பிந்திப்போனால் ஷார்ல் முசே தட்டில் கை வைக்க மாட்டார்.

சுப்பிரமணியன் சார் ஒரு டீம் நடத்துகிறார். மைதானத்தில் கூம்புகளை நட்டு, ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்க்கிற போட்டி. அதில் நான்தான் டிரைவர். செத்ரிக் மாற்று டிரைவர். மூன்று வருஷம் என் நேரத்தை யாரும் நெருங்கவில்லை. பகலெல்லாம் அடுத்தவர்கள் காருக்கு அடியில் படுத்துக்கிடக்கிற எனக்கு, நான் யார் என்று தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து கண் டாக்டரிடம் போனேன். ஓரப்பார்வை உள்பக்கமாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது, இதற்கு மருந்து இல்லை என்றார். வண்டி ஓட்டுவதை இன்றே விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். டாக்டர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். வீட்டில் சொல்ல எனக்கு ஆளில்லை. பீச் ரோட்டில் கல்லின் மேல் உட்கார்ந்து செத்ரிக் ஒருவனிடம் மட்டும் சொன்னேன்.

“யாருக்கும் தெரியக் கூடாதுடா.”

“மாதா மேல சத்தியம் மச்சான். என் வாயிலேர்ந்து வராது.”

அவன் கண் கலங்கியிருந்தது. நான்தான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் இரண்டு பேரும் காலாப்பட்டுக்குப் போனோம். நான் ஓட்டினேன். ஒரு பெண் இடப்பக்கமிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். செத்ரிக் கத்திக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தான். பக்கக் கண்ணாடி அவள் முந்தானையில் உரசியது, அவ்வளவுதான். அவன்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு வருகிற வழியெல்லாம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அடுத்த வாரம் சுப்பிரமணியன் சார் கூப்பிட்டு அனுப்பினார்.

“கண்ணு எப்டி இருக்கு அரி?”

நான் அவர் மேஜையில் கிடந்த ஸ்டாப்வாட்சைத் திருப்பி வைத்தேன்.

“செத்ரிக்தான் சொன்னான். அவன் மேல கோவப்படாத. நீ டீம்லயே இரு. செட்டப் எல்லாம் உன் கையாலதான் நடக்கணும்.”

“ஓட்டறது யாரு சார்?”

“இப்போதைக்கு செத்ரிக் ஓட்டட்டும்.”

மேடம், அன்றைக்கே நான் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். கோபக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். நான் அவனுக்கு நேரம் கொடுத்தேன். அவனாக வந்து சொல்லட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். ஒரு நாள் கடையில் நானே பேச்சை எடுத்தேன்.

“டீம்ல யாரோ என்னைப் பத்திப் போட்டுக் குடுத்துட்டாங்கடா.”

அவன் தரையைப் பார்த்தான். கீழே கிடந்த ஒரு ஸ்பேனரை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“விடு மச்சான். சாப்டியா?”

ஒரு வார்த்தை, ‘நான்தான்டா’ என்று சொல்லியிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரே உட்கார்ந்து என் தட்டில் மீனை எடுத்துவைத்தானே தவிர அதைச் சொல்லவில்லை. ஜூலையில் என் சீட்டில் உட்கார்ந்து, என் நேரத்துக்கு ஒரு நொடி பின்னால் வந்தான். இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அப்போதும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் தன் சொந்த வண்டியோடு கடைக்கு வந்தான். சிவப்பு ஹாட்ச்பேக், எட்டு வருஷத்துப் பழசு, எஞ்சின் இன்னும் துடியாக இருக்கும்.

“வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு அப்பா அம்மாவ இட்டுக்கினு போறேன் மச்சான். பின்னாடி ரொம்ப குதிக்குது. சல்லிசா என்ன பண்ணலாம், சொல்லு.”

போனில் ஒரு வெளிநாட்டு சஸ்பென்ஷன் செட்டைக் காட்டினான். உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், விறைப்பை மாற்றலாம்.

“இது நல்லதாமே?”

“நல்லதுதான். நம்ம ரோட்டுக்கு வேணாம். அம்மாவுக்கு இடுப்பு போயிடும்.”

அது வரைக்கும் நான் சொன்னது சரியான யோசனை. எவர் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதற்கடுத்த வாக்கியம்தான் வேறு.

“முன்னாடி ரெண்டு மட்டும் புதுசு போட்டுக்கோ. பின்னாடிக்கு எங்கிட்ட ஒரு ஜோடி கெடக்குது. ஒரு டாக்டரு வண்டில ரெண்டே மாசம் ஓடினது. நீ எடுத்துக்கோ.”

“நீ சொன்னா சரி” என்று சாவியை மேஜைமேல் வைத்தான். எதையும் திரும்பக் கேட்கவில்லை.

டாக்டர் என்று யாரும் இல்லை. அந்த ஜோடி ஒரு பழைய டாக்ஸியில் இருந்து கழற்றி, இரும்புக் கடைக்குப் போட ஒதுக்கி வைத்தது. நல்ல ஷாக்கைக் கையால் அழுத்தினால் முரண்டு பிடிக்கும், விட்டால் மெதுவாக எழுந்து வரும். இவை எண்ணெய் வற்றி, அழுத்திய இடத்திலேயே கிடந்தன. மண்ணெண்ணெயில் துடைத்து மஞ்சள் பெயின்ட் அடித்தேன். நன்றாகக் காய ஒரு முழுப் பகல் விட்டேன். அவசரப்பட்டால் பெயின்ட் திட்டுத் திட்டாக நிற்கும்.

மாட்டி முடித்ததும் இரண்டு பேருமாகக் கிருமாம்பாக்கம் வரை போய் வந்தோம். அவன் ஓட்டினான். முன்பக்கம் புதுசு என்பதால் ஸ்டியரிங் சொன்னதைக் கேட்டது. பின்னால் ஆளில்லாமல் நிதானமாகப் போகும்வரை பின்பக்கத்துக் குறை தெரியவே தெரியாது.

“வெண்ண மாதிரி போவுது மச்சான்” என்றான். “உன் கையைத் தவிர வேற யாரையும் இந்த வண்டிய தொட வுட மாட்டேன்.”

கடலூர் தாண்டி ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. பாலம் முடிகிற இடத்தில் தார் இறங்கியிருக்கும், இறங்கியதும் இடப்பக்கம் வளைவு. தெற்கே போகிற எல்லோருக்கும் அந்த இடத்தைத் தெரியும். எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பள்ளத்தில் அடிபட்டு என் கடைக்கு வந்த வண்டிகள் அத்தனை. கொடியேற்றத்தன்று காலை எட்டே முக்கால் மணிக்கு செத்ரிக் அங்கே போய்ச் சேர்ந்தான். நல்ல வெளிச்சம், காய்ந்த ரோடு. பின்பக்கம் பள்ளத்தில் அமுங்கி எழுந்தது. எழுந்ததைப் பிடித்து நிறுத்த உள்ளே ஒன்றும் இல்லை. மூன்றாவது வீச்சில் புளியமரம். ஷார்ல் முசே அங்கேயே முடிந்துபோனார். செத்ரிக் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான்.

அவனைச் சாகடிக்க நினைக்கவில்லை, பயந்து போகட்டும், இனி ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கட்டும் என்றுதான் நினைத்தேன் என எழுதலாம் என்றிருந்தேன். எழுதினால் பாதி உண்மையாக இருக்கும். மீதிப் பாதியை நான் அதிகம் யோசித்துப் பார்க்கவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். சவப்பெட்டியைத் தூக்கினேன். ஓதெத் அம்மாவுக்கு இடுப்பெலும்பும் இரண்டு விலாவும் முறிந்திருந்தன. மூன்று வாரம் தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். போன வியாழக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“அரி, உன் கண்ணு விஷயத்த அவன்தான் போயி சொன்னான். உன்கிட்ட ஒத்துக்கணும்னு தவிச்சிக்கினே இருந்தான். வேளாங்கண்ணி போயி மாதாகிட்ட சத்தியத்த ஒடைச்சதுக்கு மன்னிப்பு கேட்டுட்டு வந்து சொல்றேம்மான்னான்.”

“எதுக்கும்மா சொன்னான்?”

“அந்த சைக்கிள் பொண்ண நீ பாக்கவே இல்லியாமே. அன்னிக்கி வந்து என் மடியில படுத்து அழுதான்பா. ஒரு நாளைக்கி அரி யாரையாவது கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிடுவாம்மான்னு.”

மகனைப் பறிகொடுத்தவர், அவனை நல்லவனாக நினைத்துக்கொள்ள அவருக்கும் ஏதாவது வேண்டும். நான் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பெண்ணை நான் பார்த்தேன், மேடம். பார்த்துவிட்டு ஒதுங்கத்தான் போனேன். அதற்குள் அவன் ஸ்டியரிங்கை இழுத்துவிட்டான். அவனுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

இன்னொன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. வண்டியைப் பிரித்துப் பார்க்கிற நிபுணர் கேட்பார், அதனால் நானே எழுதிவிடுகிறேன். பின்சீட்டில் எடை இல்லாவிட்டால் அந்த ஷாக் அப்சார்பர்கள் பெரிதாக ஒன்றும் செய்திருக்காது. கிருமாம்பாக்கத்தில் இருந்து திரும்பும்போது செத்ரிக், “அம்மா வரலியாம்டா, முட்டி வலியாம்” என்றான். அம்மா போகாவிட்டால் ஷார்ல் முசே முன்சீட்டில் உட்காருவார், பின்னால் ஒரு பை மட்டும் இருக்கும். மறுநாள் காலை கடையைத் திறந்ததும் ஓதெத் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“போயிட்டு வாங்கம்மா. வண்டிய நான் பாத்துப் பண்ணியிருக்கேன், குலுங்கவே குலுங்காது. முசேயையும் பின்னாடியே ஒக்கார வச்சிக்குங்க, தொணைக்கு.”

“நீ சொல்றியேன்னு போறேன்பா” என்றார்.

நான் பேசியது நமக்குள்ளேயே இருக்கட்டும், நீங்களாகவே கிளம்பினதாக நினைத்து செத்ரிக் சந்தோஷப்படட்டும் என்றேன். சரி என்றார். கடலூர் போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலம் வாங்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் அதை அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒருவராவது எனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார்.