ஏரியலுக்குப் பொருத்தம் பார்த்தவர்

தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் சவரியப்பன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, துயரத்தோடு கூடியிருக்கும் மீமிசல் மக்களே, வணக்கம். யுத்தத்துக்காக இங்கே வைத்த வயர்லெஸ் நிலையத்தில், மறைந்த ஆபரேட்டர் ஆத்மநாதன் அவர்களுக்கு உதவியாளனாக இருந்த பழனிச்சாமி பேசுகிறேன்.

ஆத்மநாதன் அவர்கள் செய்த வேலை என்ன? கருவிக்கும் வெளியே கட்டிய ஏரியல் கம்பிக்கும் பொருத்தம் பார்ப்பது. பொருந்தினால் செய்தி போய்ச் சேரும். பொருந்தாவிட்டால் சக்தி திரும்பி வந்து கருவியிலுள்ள வால்வுக் குழலைச் சுட்டுவிடும். மழையில் கம்பி நனைந்தாலே பொருத்தம் மாறிப்போகும். செப்புச் சுருளில் கவ்வியை ஒவ்வொரு சுற்றாகத் தள்ளி மாட்டுவார். பொருத்தத்தைக் காட்டும் சின்ன விளக்கு நன்றாக எரியும்வரை விடமாட்டார். அந்தப் பொறுமை யாருக்கு வரும்?

கவ்வியை மாற்றும்போது மின்சாரம் இருக்கக் கூடாது. அதற்குத்தான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நான். இரண்டு கையையும் சுருளிலிருந்து வெளியே எடுத்துவிட்டு “போடுங்க” என்பார். அப்புறம்தான் போடவேண்டும்.

போன வியாழக்கிழமை பகலில் புயல் நெருங்கியது. தந்திக் கம்பி அறுந்துவிட்டது. ஜெகதாப்பட்டினத்துப் படகுகள் முப்பத்தொன்று கடலில். அந்த ஊர் நிலையத்தாரிடம் எச்சரிக்கைக் கொடி ஏற்றச் சொல்ல வயர்லெஸைத் தவிர வழியில்லை. நான்கு முறை மாற்றியும் விளக்கு மங்கலாகவே எரிந்தது. அவர் அஞ்சினாரா? இல்லை. அஞ்சியவன் நான்.

“அண்ணே, சீக்கிரம்” என்றேன்.

“பதறாதீங்க தம்பி, இந்தா முடிஞ்சிருச்சு.”

கை வெளியே வந்தது போலிருந்தது. அவர் சொல்லுமுன் போட்டுவிட்டேன். கை உள்ளேதான் இருந்தது.

சுவிட்சை அணைத்து அவரை இழுத்துக் கிடத்தினேன். மூச்சில்லை. கவ்வி அவர் மாட்டிய இடத்திலேயே இருந்தது. மறுபடி போட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. செய்தி போயிற்று, கொடியைப் பார்த்துப் படகுகள் கரை சேர்ந்தன. மழையால் நேர்ந்த விபத்து என்று அறிக்கை எழுதியவனும் நான்தான். அதை நம்பி நீங்கள் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள்.

முத்துமாரியம்மாள் அண்ணி, உங்கள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் மேலதிகாரிக்கு உண்மையை எழுதுகிறேன். பதில் வரும்வரை அவர் வேலை நிற்கக் கூடாது. இன்னும் ஒரு மாதம் புயல் காலம். இனிச் சுருளில் கை வைக்கப்போவது நான்.

சுவிட்சுக்கு ஆள் வேண்டுமே! “நான் வாரேண்ணே” என்று ஆத்மநாதன் அவர்களுடைய தம்பி நாகராசு நேற்றுச் சொன்னார். நான் செய்தது நேற்று அவருக்குத் தெரியாது.

நாகராசு, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு நிலையத்தைத் திறப்பேன். வந்து சுவிட்சுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.