உலக்கைக்குக் கீழே

சைரன் அடித்தபோது நான் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடிப்போயிருந்தது. தகடு வெட்டும் எங்கள் பிரஸ் ஷாப் சைரன்தான் என்று தெரிந்தும், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனேன். விபத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன் சார், மறைக்க எதுவும் இல்லை.

என்னோடு பிரஸ்ஸில் வேலை பார்த்த அஜித்குமாருக்குச் சொந்த ஊர் நாட்றாம்பாளையம். ஓசூரில் என் ரூமில்தான் தங்கியிருந்தான். ஞாயிறு மதியங்களில் இருவரும் பழைய கொரியச் சண்டைப் படங்கள் பார்ப்போம். ஹாங்காங்கில் ஓடிய பெரிய படங்களைப் பார்த்துச் சொற்பச் செலவில் எடுத்தவை. அதே கதை, அதே குரு, ஒட்டுத்தாடி மட்டும் வேறு. ராஜா காலத்துச் சண்டையில் ஒருவன் கைக்கடிகாரம் கட்டியிருப்பான். எனக்கு அந்தக் குறைகளைப் பிடிப்பதில் சந்தோஷம். அஜித்துக்கு எல்லாமே நிஜம்.

ஒரு படத்தில், ஆற்றுத் தண்ணீரின் விசையில் ஏறி இறங்கும் ராட்சத உலக்கை. அது விழுவதற்குள் உரலில் கிடக்கும் கொட்டையைக் குரு எடுத்துவிடுகிறார். கை உள்ளே போகிறது, காட்சி வெட்டுப்படுகிறது, கை வெளியே இருக்கிறது. வெட்டை நான் கவனித்தேன். சொல்லவில்லை.

“நம்ம பிரஸ் மாதிரியே இருக்குதுங்ணா” என்றான்.

அன்றே பயிற்சி. தரையில் வெங்காயம் வைப்பான். நான் செருப்பால் அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். முதல் வாரம் அவன் விரல்கள் வீங்கின. அந்த வாரம்தான் சூப்பர்வைசர் ராஜசேகர் சொன்னார்: எங்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்களாம், பேச்சு அஜித் பக்கமாம். நான் ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட். அவன் இரண்டு வருடம்.

மூன்றாவது வாரம் ஒரு அடிகூட அவன் மேல் படவில்லை. நான்தான் மெதுவாக அடித்தேன்.

எங்கள் பிரஸ்ஸில் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் அச்சு இறங்கும். மெஷினில் உள்ள சாவியைத் திருப்பிவிட்டால் காலால் பெடலை மிதித்தாலே போதும். கைகள் சும்மா இருக்கும், வெட்டி எடுக்கும் பீஸ் எண்ணிக்கை கூடும். சாவி என் பொறுப்பு. அஜித் இரண்டு தடவை கேட்டான். பத்துப் பேர் காதில் விழும்படி மறுத்தேன். மூன்றாவது தடவை சாவியை மெஷின் மேல் வைத்துவிட்டு டீக்குப் போனேன்.

திருப்பியது அவன். மிதித்ததும் அவன். நான் அங்கே இல்லவே இல்லை.

ஆஸ்பத்திரியில்கூட அவன் என்னைக் குறை சொல்லவில்லை. விரல்கள் இல்லாத கட்டைப் பார்த்தபடி, தனக்குத்தான் வேகம் பத்தவில்லை என்றான். ஆமாம் என்றேன்.

எனக்கு நிரந்தர ஆர்டர் வந்துவிட்டது. அதற்கு உங்கள் போலீஸ் ஸ்டேஷன் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

“என் மேல கேஸ் எதுவும் இல்லைன்னு எழுதி, சீல் வெச்சுக் குடுங்க சார்.”