ரிவர்ஸ் எடுக்காத வண்டி

வாலு: எழுந்திருக்காதீங்க அண்ணி. இன்னும் நாலஞ்சு கேள்விதான்... 'வலி எத்தனை நாளாக உள்ளது?'

அண்ணி: நாலு வருஷம், ரெண்டு மாசம்.

வாலு: அந்த ரெண்டு மாசம் எதுக்கு?

அண்ணி: நடிக்கறதுன்னு வந்தாச்சு, முழுசா நடிக்க வேணாமா? வலியுள்ள நோயாளி ஒருத்தர் இருந்தாத்தான் உன் தெரபி படிப்புக்கு சான்றிதழ் தருவாங்கன்னே. ஆள் கிடைக்கலைன்னே. 'வலிக்கிற மாதிரி படுங்க அண்ணி, பத்து வாரம்தான்'னு கெஞ்சினே...

வாலு: கெஞ்சல. கேட்டேன்.

அண்ணி: காலைப் பிடிக்காத குறை.

வாலு: தலையைத்தானே பிடிச்சேன்! சரி சொல்லுங்க. வலி எங்கே ஆரம்பிக்குது?

அண்ணி: இடது காதுக்குப் பின்னாடி. அங்கேயிருந்து கழுத்து. கழுத்துலேர்ந்து தோள்பட்டை. ரெண்டாவது கியர் போடறப்ப சுண்டுவிரல் வரைக்கும் மின்னல் மாதிரி...

வாலு: ரெண்டாவது கியரா?

அண்ணி: ...கதையில வர்ற நோயாளியும் ஸ்கூல் பஸ் ஓட்டறான்னு வச்சுக்கோயேன். எனக்கு வேற என்ன தொழில் தெரியும்?

வாலு: வச்சுக்கிட்டேன். அடுத்தது... 'முதல் நாள் சிகிச்சை எப்படி இருந்தது?'

அண்ணி: இதை அப்படியே எழுது. கிரேனியோசேக்ரல் தெரபின்னு வாய் நிறைய பேரு. மேஜை மேல போர்வையை விரிச்சு என்னை மல்லாக்கப் படுக்க வச்சே. தலைக்கு அடியில ரெண்டு கையையும் வச்சே. வச்சே... வச்சுக்கிட்டே இருந்தே. அழுத்தல, நீவல, ஒண்ணும் பண்ணல. எப்போ ஆரம்பிப்பேன்னு கேட்டா...

வாலு: 'முடிஞ்சிருச்சு அண்ணி.'

அண்ணி: ஒரு மணி நேரம்! ஒத்தைக் காசு கனம்கூட இல்ல உன் கையில.

வாலு: அவ்வளவுதான் அழுத்தணும்னு சொல்லிக் கொடுத்தாங்க.

அண்ணி: இதுக்குப் படிப்பு வேற. பூனை வந்து பக்கத்துல படுத்தாலும் இவ்வளவு கனம் இருக்கும்.

வாலு: எழுதிட்டேன். 'பூனையை விட லேசு.' மூணாவது வாரம் அழுதீங்களே, அதைப் போடவா?

அண்ணி: யாரு அழுதா? கண்ணுல தூசி.

வாலு: கண்ணை மூடியிருந்தீங்க.

அண்ணி: மூடின கண்ணுல தூசி போகாதா?

வாலு: அஞ்சாவது வாரம் குறட்டை?

அண்ணி: அதுதான்டி நடிப்போட உச்சகட்டம்.

வாலு: இருங்க, வாசல்ல மணி அடிக்குது...

அண்ணி: தபாலா இருக்கும். உன் பேருக்கு வர்றதெல்லாம் நான்தானே வாங்கி வைக்கறேன், இன்னைக்கு ஒரு நாள் நீ போய் வாங்கு.

வாலு: ...பக்கத்து வீட்டுக்காரர். ஏணி கேட்டார், கொடுத்துட்டேன். எங்க விட்டோம்? 'கை வைத்திருந்தபோது என்ன உணர்ந்தீர்கள்?'

அண்ணி: வண்டியை ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் எஞ்சின் 'டக்... டக்'னு தானா சூடு ஆறுமே, கேட்டிருக்கியா? அந்த மாதிரி.

வாலு: இது நல்லா இருக்கு அண்ணி.

அண்ணி: நல்லா இருக்கட்டும். கையெழுத்து எங்கே போடணும்?

வாலு: இங்கே. 'மேலே கூறியவை அனைத்தும் உண்மை' அப்படிங்கறதுக்குக் கீழே... இல்ல. வேணாம்.

அண்ணி: என்னடி வேணாம்?

வாலு: வலியே இல்லாதவங்களுக்கு வலி குறைஞ்சுதுன்னு எழுதி நான் சான்றிதழ் வாங்கணுமா? நாளைக்கு நிஜமா வலியோட ஒருத்தர் வந்து படுத்தா, எந்த முகத்தோட அவங்க தலையைத் தொடுவேன்? கிழிச்சுப் போடறேன்.

அண்ணி: கிழிக்காதே.

வாலு: எல்லாம் பொய்தானே...

அண்ணி: கிழிக்காதேன்னு சொல்றேன்ல! ...அதுல பொய் இல்ல.

வாலு: எதுல?

அண்ணி: எதுலயும். நாலு வருஷம், ரெண்டு மாசம். காது, கழுத்து, சுண்டுவிரல்... எல்லாம். அந்தத் தாள்லதான் முதல் தடவையா வெளியில வந்திருக்கு. அதைப் போயி கிழிக்கறேங்கறியே.

வாலு: ...யாருக்கும் தெரியாதா? அண்ணனுக்கும்?

அண்ணி: உங்க அண்ணன்கிட்ட சொன்னா மறுநாளே 'வேலையை விடு'ம்பார். பள்ளிக்கூடத்துல சொன்னா சாவியை வாங்கிடுவாங்க. பதினோரு வருஷமா அந்த வண்டி என் கையில இருக்கு வாலு. வண்டி நிறைய பிள்ளைங்க. எவன் எந்த சீட்ல வாந்தி எடுப்பான்னு எனக்குத் தெரியும். அதை விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்?

வாலு: கழுத்து திரும்பாம, பிள்ளைங்களை வச்சுக்கிட்டு...

அண்ணி: திட்டு. திட்ட வேண்டியதுதான். எனக்கே தெரியும், தப்பு. அதனாலதான் நான் ரிவர்ஸே எடுக்கறதில்ல. நாலு வருஷத்துல பிள்ளைங்க இருக்கறப்ப ஒரு தடவைகூட இல்ல. முட்டுச்சந்துக்குள்ள நுழைய மாட்டேன். திருப்பணும்னா ரெண்டு தெரு சுத்தி வருவேன்.

வாலு: டீசல் ஏன் இவ்வளவுன்னு யாரும் கேக்கலையா?

அண்ணி: டிராஃபிக்னு சொல்லிடுவேன். டிராஃபிக்குக்கு வாயா இருக்கு, இல்லைன்னு சொல்ல?

வாலு: இப்போ எப்படி இருக்கு? மனசாரச் சொல்லுங்க. எனக்காகச் சொல்லாதீங்க.

அண்ணி: வலி போகல. ஆனா, முன்னே வீட்டுக்காரி மாதிரி இருந்துச்சு, இப்போ விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போகுது. காலையில தலையைக் கையால தூக்கித்தான் எழுந்திருப்பேன். இப்போ தானா எழுந்திருக்குது. இடது பக்கம் நல்லாத் திரும்புது. வலது பக்கம் முக்கால்வாசி.

வாலு: என் கையாலயா?

அண்ணி: அது தெரியாது. உன் கையா, இல்ல, வாரத்துல ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாம கண்ணை மூடிப் படுத்திருந்தேனே, அதா... ரெண்டையும் எழுது. எது வேலை செஞ்சுதோ அது எடுத்துக்கட்டும் பேரை.

வாலு: அப்படியே எழுதறேன்.

அண்ணி: இதையும் எழுது. நேத்து காலி வண்டி. ஷெட்ல யாரும் இல்ல. ரிவர்ஸ் எடுத்தேன்.

வாலு: அண்ணி!

அண்ணி: கண்ணாடியைப் பார்த்து இல்லடி. கழுத்தைத் திருப்பி, பின்பக்க ஜன்னல் வழியா, சுவரைப் பார்த்து. ராணி மாதிரி எடுத்தேன். இறங்கி வந்து சக்கரத்தைத் தட்டிக் கொடுத்தேன்.

வாலு: இருந்தாலும் நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். கழுத்தை ஸ்கேன் எடுக்கணும். விரல் வரைக்கும் இழுக்கறதெல்லாம் நான் கை வச்சுப் பார்த்துக்கற விஷயம் இல்ல. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் பிள்ளைங்களை ஏத்தக் கூடாது.

அண்ணி: சாவியை வாங்கிட்டாங்கன்னா?

வாலு: கழுத்து திரும்பினா சாவியும் திரும்பி வரும்.

அண்ணி: ...வரும். வர வைக்கறேன். நானே பள்ளிக்கூடத்துல சொல்லிடறேன், லீவு வேணும்னு. பேனாவைக் கொடு, கையெழுத்து போடறேன். உன் சான்றிதழ் ஏன் கெடணும்?

வாலு: அது... வேணாம் அண்ணி. ஒண்ணு சொன்னா அடிக்கக் கூடாது. எனக்கு சான்றிதழ் போன வருஷமே வந்துடுச்சு. இந்தத் தாளை நானே அச்சடிச்சேன். ஒரு நாள் பஸ்ஸை நம்ம வாசலுக்குக் கொண்டு வர, நீங்க ரெண்டு தெரு சுத்தினதைப் பார்த்துட்டேன். 'வலிக்குதா'ன்னு கேட்டா 'இல்லை'ன்னுதான் சொல்லுவீங்க. அதான்... வலிக்கிற மாதிரி நடிங்கன்னு கேட்டேன். கிழிக்கறேன்னதும் அதுக்குத்தான்.

அண்ணி: பெரிய ரகசியம்! 'சான்றிதழ் உள்ளே, மடிக்காதீர்'னு கொட்டை எழுத்துல போட்டு வந்த கவரை, கையெழுத்து போட்டு வாங்கி உன் அலமாரியில வச்சது யாருன்னு நினைச்சே? இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்லிக் கூப்பிடறாளே, போய்ப் படுப்போம்னுதான் வந்து படுத்தேன்... பேனாவைக் கொடுடி. டாக்டர் கேக்கறப்ப எனக்கு மறுபடியும் சொல்ல வாய் வராது, இந்தத் தாளையே நீட்டிடறேன்.