தன் விறகில் தானே குளித்தவர்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அருமை ரைனோ அவர்களே, முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பையும் கடையையும் ஒரே கையால் ஆளும் தாய்மார்களே, புதுக்கடை திறந்திருக்கும் இளைய வணிகர்களே, கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் விறகு வியாபாரி தௌனோ அவர்களே! அனைவருக்கும் ஹில்க்காவின் வணக்கம்.

சிரிக்காதீர்கள், அவர் வழுக்கை எனக்கு நன்றாகவே தெரிகிறது.

சொன்ன நாளில் சரக்கு தராதவரை என்ன செய்வது? திட்டுவதா? திருத்துவதா? திருப்பி அனுப்புவதா? நான் படித்தவள் அல்ல. பட்டதை மறந்தவளும் அல்ல!

நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், கல்லவேசி ஏரிக்கரையில் நான் பொதுச் சவுனா திறந்த முதல் கோடை. நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தைய நாள், ஊரே சவுனாவில் உட்கார்ந்து நீராவியில் குளிக்கும் நாள்! அன்று அடுப்பின் மேல் அடுக்கிய கல் ஆவி எழுப்பும் அளவுக்குக் காயாவிட்டால் கூட்டம் அக்கரைச் சவுனாவுக்குப் போய்விடும். நான் மீன் ஆலைக்கே திரும்பிக் குடல் உருவ வேண்டும். ஏப்ரலில் வரவேண்டிய விறகு அன்று காலை பத்து மணிக்கு வந்தது.

"நல்லா காஞ்ச பிர்ச் கட்டைக்கா! தீக்குச்சி மாதிரி பத்திக்கும்," என்றார் தௌனோ.

ஒரு கட்டையின் முனையில் சோப்பைத் தடவி, மறுமுனையை அவரிடம் நீட்டினேன். "எங்க, ஊது தம்பி."

காய்ந்த கட்டை என்றால் மூச்சு ஊடுருவிக் குமிழி வரும். ஊதினார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, காது சிவந்தது. குமிழி வந்ததா? வரவில்லை!

"கட்டை கொஞ்சம் வெக்கப்படுதுக்கா."

என்னம்மா மூன்றாவது வரிசை, அறைந்தேனா என்கிறீர்களா? இல்லை! அந்த விறகையே இரண்டு மணி நேரம் எரித்தேன். "முதல் குளியல் உனக்குத்தான்" என்று துண்டைக் கொடுத்து உள்ளே அனுப்பி, கதவுக்கு வெளியே நின்றேன். கல்லில் தண்ணீர் ஊற்றினார். சீறியதா? சிணுங்கக்கூட இல்லை! புகை வந்தது, இருமல் வந்தது, ஆவி மட்டும் வரவில்லை.

"சூடு எப்படிப்பா?" என்று கேட்டேன். சவுனாப் பலகையில் உட்கார்ந்து பொய் சொல்பவர் நம்மில் உண்டா?

"குளிருதுக்கா... காஞ்ச விறகு இருக்கு. என் வீட்டுச் சவுனாவுக்கு எடுத்து வெச்சிருக்கேன்."

கேட்டீர்களா கதையை? எனக்கு ஈரம், அவருக்குக் காய்ந்தது!

ஒரு மணிக்கு அவர் வீட்டு விறகு என் அடுப்பில். நான்கு மணிக்குக் கல் சீறியது, ஊர் குளித்தது, என் கடை பிழைத்தது. மாலையில் தௌனோவின் மனைவி துண்டோடு வந்து நின்றார்.

"எங்க வீட்டு விறகுதானே எரியுது? நாங்க முதல்ல போறோமே."

"வரிசையில நில்லும்மா. உன் வீட்டுக்காரரு என்னை ரெண்டு மாசம் நிக்க வெச்சாரு."

இளைய வணிகர்களே! சரக்கு தருபவரிடம் சத்தம் போடாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில் அவரை உட்கார வையுங்கள்! பக்கத்து ஊர் விறகுக்காரரின் தொலைபேசி எண்ணையும் வைத்திருங்கள். என்னிடம் இன்றும் இருக்கிறது, தௌனோ!

மன்னித்துவிட்டாயா என்று தலைவர் கேட்கிறார். நாற்பது ஆண்டுகளாக ஏப்ரலில் விறகு வருகிறது. வண்டியிலிருந்து இறக்கும் முன்பே அவரே சோப்பு தடவி ஊதிக் காட்டுகிறார். நான் எதற்கு மன்னித்து, அந்த நல்ல பழக்கத்தைக் கெடுக்க வேண்டும்?

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. திருநாளுக்கு எல்லோரும் குளிக்க வாருங்கள். தௌனோ, நீங்கள் வரிசையில் கடைசி. வணக்கம்!