விரத நாளில் வாயில் ஊற்றப்பட்ட பானம்

என் பெயர் கமலாம்பிகை. காலஞ்சென்ற இராஜேந்திரனின் மனைவி. வயது ஐம்பத்திரண்டு. பிறந்த ஊர் யாழ்ப்பாணம். தற்போது இலண்டனில் மிச்சம் (Mitcham) என்னும் பகுதியில் மகளுடன் வசிக்கிறேன். பொலிஸ் அதிகாரியின் முன் நான் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் செல்வமலர் தமிழில் எழுதிக்கொள்கிறார்.

எனக்குப் பல வருடங்களாக நீரிழிவு நோய் உண்டு. தினமும் இன்சுலின் ஊசி போடுகிறேன்.

1993 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆங்கில வகுப்பு ஆசிரியை மெற்றில்டா எங்களை நாட்டுப்புறத்துக்கு நடக்கக் கூட்டிச் சென்றார். மேடு பள்ளம் இல்லாத சுகமான நடை என்றும், நடுவில் பப் எனும் மதுக்கடை ஒன்றில் மதியச் சாப்பாடு என்றும் சொல்லியிருந்தார். அன்று கந்த சஷ்டி விரதத்தின் முதல் நாள். நான் வழக்கம்போல் ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் உண்ணாமல் புறப்பட்டேன். விரதம் வயிற்றுக்குத்தானே, ஊசிக்கு இல்லையே என்று நினைத்தேன். மகளிடம் சொன்னால் மறிப்பாள் என்பதால் சொல்லவில்லை. உடன் படிக்கும் என் அயலவர் தில்லையம்பலத்துக்கு விரதம் தெரியும், நோய் தெரியாது.

அதன் பின்னர் ரயிலில் இறங்கி, காலில் இரவல் சப்பாத்துடன், சேற்று ஒழுங்கைகளிலும் ஆடுகள் மேயும் வெளியிலும் நடந்தோம். இலண்டனுக்கு வந்தபிறகு நான் கைவீசி நடந்தது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பின்னர் பப்பை அடைந்தோம். தில்லையம்பலம், "தவறணைக்குள்ள நான் கால் வைக்கமாட்டன், நீங்கள் போட்டு வாங்கோ" என்று வெளியே மர வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். உள்ளே சென்று அமர்ந்ததும் எனக்கு வியர்த்தது, கை நடுங்கியது. மெற்றில்டா சாப்பாடு சொல்ல அடுத்த அறைக்குப் போயிருந்தார். பப்பின் உரிமையாளர் திரு. ஹார்வுட் என் முகத்தைக் கண்டதும் ஓடி வந்து, "டயபெற்றிக்?" என்று கேட்டார். ஊசி போட்டுவிட்டு உண்ணாததால் என் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்பதையும், அவருடைய மனைவிக்கும் இதே நோய் என்பதையும் பிறகு அறிந்தேன். எனக்கு ஒரு சொல் ஆங்கிலமும் வரவில்லை. "விரதம், வேண்டாம்" என்று தமிழில் சொன்னேன். அவர் ஒரு கையால் என் தாடையைப் பிடித்து, சீனி கரைத்த சிவப்புப் பழப்பானத்தைச் சிறிது சிறிதாக வாயில் ஊற்றினார். நான் அவரைத் தள்ளினேன், விரலைக் கடித்தேன். அவர் விடவில்லை.

இதை யன்னல் வழியாகக் கண்ட தில்லையம்பலம், விரதகாரிக்கு ஒருவன் பலவந்தமாக வைன் பருக்குகிறான் என்று எண்ணி, எதிரே இருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து பொலிஸாரை அழைத்தார். என் நன்மைக்கென்றே அழைத்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் உள்ளே வந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்திருக்கலாம்.

அதன் பின்னர் பொலிஸார் வந்து திரு. ஹார்வுட்டைக் கூட்டிச் சென்றனர். எனக்கு அறிவு தெளிந்திருந்தும் பேசத் தெம்பில்லை. வழக்கு வந்தால் பப்பை மூடவேண்டி வரும் என்று அவர் மனைவி அழுதார். அழுதுகொண்டே எனக்குப் பாணில் ஜாம் பூசித் தந்தார். நான் சாப்பிட்டேன். முருகன் கோபித்தால் ஆர்ச்வே கோயிலுக்குப் போய் நானே அவரோடு பேசிக்கொள்வேன்.

என் சம்மதத்துடனா அவர் என்னைத் தொட்டார் என்று அதிகாரி கேட்கிறார். இல்லை. நான் சம்மதிக்கவில்லை. என் சம்மதத்துக்காக அவர் காத்திருந்தால், இன்று இந்தக் கதிரையில் என் மகள் இருந்து வாக்குமூலம் கொடுத்திருப்பாள். அந்த மனிதருக்கு நான் உயிருள்ளவரை நன்றியுடையவள். அவர்மீது எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. கடித்தது நான். வழக்கு வைப்பதானால் என்மேல் வையுங்கள்.

எழுதியதைச் செல்வமலர் எனக்கு வாசித்துக் காட்டினார். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அத்தனையும் உண்மை என ஏற்று என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) இ. கமலாம்பிகை