பாசிக்குப் போட்ட மருந்து

"...அட, அதுக்காக புல்லும் சேந்து கருகணுமா டீச்சர்? பாசிக்குத்தான மருந்து கேட்டேன்! இந்தா, இந்த மூலையப் பாருங்க... கல்லுல ஊத்தி மறந்துபோன தோசை கணக்கா இருக்கா இல்லியா? நீங்களே சொல்லுங்க!"

ஏஞ்சலின் சொல்லத்தான் வாயெடுத்தாள். சாகுல் ஹமீது விட்டால்தானே! மாடி வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகாதவள். ஞாயிறு பூசைக்குக் குடையும் கையுமாகப் படியிறங்கியவளை, கையில் குப்பைவாரியோடு வழிமறித்துப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். கோயிலில் முதல் மணி அடித்து முடிந்திருந்தது.

"இது யாரு வச்ச புல்லு தெரியும்ல? எங்க வீட்டம்மா, கமர்ஜஹான். தோல் யாவாரத்த விட்டுட்டு இந்த வீட்டக் கட்டுனப்ப, முன்னாடி சிமெண்டு போடுங்கன்னு அம்புட்டு பேரும் சொன்னாங்க. அவ ஒத்தக் கால்ல நின்னா. கால வச்சா குளுகுளுன்னு இருக்கணுமாம்! திண்டுக்கல் வெயிலுக்கு! குத்த வச்சு உக்காந்து, ஒவ்வொரு கணுவா அவளே நட்டா டீச்சர். எனக்கு ஒரு சட்டப் பொத்தான் தச்சுக் குடுத்ததில்ல இம்புட்டுப் பொறுமையா..."

இருமினார். ஏஞ்சலின் ஒரு அடி நகர்ந்தாள். குப்பைவாரி குறுக்கே வந்தது.

"எங்க மக பாஸிலா நத்தத்துல பிள்ள பெத்தா. மாஷா அல்லா, ஆம்பளப் பிள்ள. ஒத்தாசைக்குப் போறப்ப இவ என்ன சொன்னா? 'ஏங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விட்டாப் போதும்'னா. நான் காலைலயும் விட்டேன், சாயந்தரமும் விட்டேன். பொண்டாட்டி சொன்னதுக்கு மேலயே செஞ்ச மனுசன் டீச்சர் நானு! அதுக்குப் போயி பாசி பிடிக்கலாமா? அந்த மாமரம் வேற... பக்கத்து வீட்டுக்காரவுக மரம். நெழலு மட்டும் நம்ம பக்கம் விழும், மாங்கா பூராம் அவுக பக்கம் விழும்!"

ஏஞ்சலின் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கடைக்காரன் அன்னபேதின்னு ஒரு இரும்பு உப்பக் குடுத்தான். பச்சக் கலருல, கல்கண்டு மாதிரி. 'பாய், தண்ணில கரைச்சு லேசாத் தெளிங்க'ன்னான். லேசான்னா எம்புட்டு? சொல்ல வேண்டாமா? பொட்டலத்துல போட்டுத்தான் இருந்துச்சு... கண்ணாடி உள்ள இருந்துச்சு, யாரு எந்திரிச்சுப் போறது? கை நெறைய அள்ளி வீசிட்டேன். மறுநாளே பாசி கறுத்துப்போச்சு. அடடா! அப்புறம் பாத்தா புல்லு மஞ்சளாகுது. சரி, பசிக்கிதுபோலன்னு யூரியாவப் போட்டேன். பசிச்ச பிள்ளைக்குச் சோறு போடுறது குத்தமா? சொல்லுங்க!"

சொல்ல அவகாசம் கொடுக்கவில்லை.

"அதோட விட்டுச்சா? உப்புப் பட்ட ஈரக்காலோட உள்ள போயிட்டேன். அப்ப ஒண்ணும் தெரியல. காயக் காயத்தான் துரு ஏறுது! வாசல்லருந்து அடுப்படி வரைக்கும், வெள்ள டைல்ஸ் பூராம் எங்காலு. புலி தண்ணி குடிக்கப் போன தடம் கணக்கா! கமரு வந்தா. புல்லப் பாத்தா. தடத்தப் பாத்தா. தடத்து மேலயே நடந்து வந்து அடுப்படில என்னையப் பாத்தா. திட்டியிருந்தா தேவல. அன்னைலருந்து வாயே தெறக்கல டீச்சர்! சோறு வக்கிறா, வெஞ்சனம் வக்கிறா, பேச்சு மட்டும் இல்ல. கொழம்புக்கு உப்புக் கேட்டா, டப்பாவ என் கைல தராம அவளே போடுறா!"

இரண்டாம் மணி அடித்தது. சாகுல் ஹமீது குனிந்து, கறுத்த பாசியைக் கையால் அள்ளிக் கூடையில் போடத் தொடங்கினார். அப்போதுதான் ஏஞ்சலின் வாசற்படியைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்தபடி கமர்ஜஹான் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ! 'நீ போம்மா' என்று கண்ணாலேயே ஜாடை காட்டினாள். ஏஞ்சலின் பூனைபோல நழுவி கேட்டைத் தாண்டினாள். தாண்டியவளுக்குப் போகத்தான் மனமில்லை. செருப்பு வாரை மாட்டுகிற சாக்கில் நின்றாள்.

"...எங்க விட்டேன்? ஆங்... தண்ணி நெறைய விட்டு உப்ப அடில எறக்கியாச்சு. செத்த பாசிய வாரியாச்சு. இனிமே யாரும் மிதிக்கக் கூடாது, உரம் கிரம் போடக் கூடாது. சும்மா இருக்கணுமாம் டீச்சர்! அதான எனக்கு வராது! இந்தக் கொடியப் பாருங்க, மேல காஞ்சு கெடக்கு, நகத்தால கீறுனா உள்ள பச்ச. உசுரு இருக்கு..."

குரல் கொஞ்சம் இறங்கியது.

"அவகிட்ட சொல்லிராதீங்க. அவ இல்லாம வீடே வெறிச்சுன்னு இருந்துச்சு. தண்ணி விடுற சாக்குல இங்கன வந்து நிப்பேன். அவ வச்சதுல்ல... ரெண்டு நேரமும் விட்டேன்னா, அதுக்குத்தான். வந்து பாத்து ஒரு தடவ சிரிக்கட்டுமேன்னுதான் அந்த உப்பையும் வாங்குனேன்... ஹும். என்ன டீச்சர், சத்தத்தையே காணோம்?"

"சொவத்தோரம் இன்னும் தண்ணி பாயல."

"இந்தா, விட்டுருவோம் டீச்ச..."

கீழே கிடந்த ஓஸை எடுத்துக்கொண்டு திரும்பியவரின் வாய் திறந்தபடியே நின்றது. பேச்சில்லாத சாகுல் ஹமீதை ஏஞ்சலின் அன்றுதான் பார்த்தாள்.

கமர்ஜஹான் இறங்கி வந்து தண்ணீர் ஓஸை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"காலை எடுங்க. பச்சை மேல நிக்கிறீக."

அவர் துள்ளி நகர்ந்தார்.

"அந்தப் படில போயி உக்காருங்க. வாய் பாட்டுக்குப் பேசட்டும், நான் கேக்குறேன். கை மட்டும் சும்மா இருக்கணும்."