மூடாத ஷட்டர்

மாலை நான்கு பத்து. சிராங்கூன் சாலையில் படம் கழுவும் கடை. எனக்கு முன்னால் நின்ற இளைஞரின் சட்டைப் பையில் துக்கத்துக்கான கறுப்பு ரிப்பன் குத்தியிருந்தது. பக்கத்தில் அவருடைய அக்கா.

"அப்பா போனப்ப பக்கத்துல யாருமே இல்லைன்னு சர்ச் ஃபாதர்கிட்ட சொன்னியே. உன் கேமரா இருந்துச்சு லா," என்றார் அக்கா.

"அது மெஷின்க்கா."

"அன்னிக்கு நடந்ததை மறுபடி சொல்லு."

"அப்பா படுத்திருந்தாரு. ஒரு படம் எடுத்தேன். பாதியிலயே பேட்டரி செத்து, ஷட்டர் திறந்தபடியே நின்னுடுச்சு. ரோல்ல இன்னும் படம் மிச்சம் இருந்துச்சு. அதான் ஜாலான் புசார் போய் பேட்டரி வாங்கிட்டு வந்தேன். போட்டதும் டக்குன்னு மூடிக்கிச்சு. அப்புறந்தான் அப்பாவைப் பாத்தேன். மூச்சு இல்ல."

"நீ கடைக்குப் போறப்ப கேமராவை எங்க வச்ச?"

"அலமாரி மேல."

"எந்தப் பக்கம் பாத்து?"

"கட்டில் பக்கம்."

"அப்பா உன்னைத் தேடினாரான்னு அதுக்குத்தான் தெரியும்."

"ஒண்ணும் தெரியாதுக்கா. ஃபிலிம்ல ஒரு மணி நேர வெளிச்சம் பட்டிருக்கு."

கடைக்காரர் உறையை நீட்டினார். அக்கா படங்களை விட்டுவிட்டு நெகட்டிவை உருவி விளக்குக்கு நேரே பிடித்தார். பதினெட்டாவது கட்டம் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"அதை மட்டும் பிரிண்ட் போடலைங்க. வெறும் வெள்ளையாத்தான் வரும்," என்றார் கடைக்காரர்.

"பரவால்ல. பெரிசா ஒண்ணு போடுங்க," என்றார் அக்கா.

கடைக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி நெகட்டிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டா போடுங்கண்ணே," என்றார்.

கடைக்காரர் சீட்டில் எழுதினார்: பதினெட்டு, பெரிய அளவு, இரண்டு.